கற்ற கடன் தீர்த்த பெரியார் சி. வை. தாமோதரம்பிள்ளை

சர்வகலாசாலையில் எமக்கு இடங்கிடைத்த செய்தியைத் தெரிவிக்க, அயலிலுள்ள முதியவர் ஒருவரிடஞ் சென்றிருந்தோம். அவர் மகிழ்ந்தார், தலையைத் தடவி ஆசி கூறினார். பின்னர், கெட்டிக்காரர் என்று பெயரெடுக்கும் பிள்ளைகளெல்லாம் ஒவ்வொருவராய் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்களே என்று மெல்லக் கவலைப்பட்டார். அவர் எம்மைக் குறைகூறவில்லை. ஆயினும் அவர் கவலை எம் மனத்தைவிட்டு அகல மறுக்கின்றது.

ஒரு கிராமத்திலே நுண்ணறிவுடைய பிள்ளை ஒன்று தோன்றினால், அதன் பெற்றோர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிப்பிக்கின்றனர். ஆசிரியர் மாலையிலும் மறித்துவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பாடசாலை, சம்பளம் வாங்காமற் சேர்த்துக்கொள்கிறது. ஊரார் தம் பிள்ளைபோற் பெருமைப்படுகின்றனர். இத்தனைபேர் கைப்பட்டு வளர்ந்த கல்வி ஈற்றில் யாருக்குரியது? வீட்டுக்கா, பாடசாலைக்கா, ஊருக்கா, கற்றவனுக்கேயா? கற்கும் இளைஞரும் கற்பிக்கும் பெரியோரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் இக்கேள்வியை எழுப்புதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

விடையை வாதத்தினால் அன்றி, ஒரு வாழ்க்கையினாலே காட்ட விரும்புகின்றோம். அது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வாழ்க்கை. அவர் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டவர் என்று அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் முதலில், பலருள்ளே தெரிந்தெடுக்கப்பட்டு, பிறர் பொருளிற் படிப்பிக்கப்பட்ட ஒரு கிராமத்துச் சிறுவன் என்பதை அத்துணை நினைப்பதில்லை.

பிறப்பும் இளமையும்

தாமோதரம்பிள்ளை அவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவி. தோட்டமும் பனங்கூடலும் சூழ்ந்த அவ்வூரிலே பிறந்த பிள்ளைக்கு அக்காலத்திற் பெரிய கல்வி கிட்டுதல் அரிது. திண்ணைப் பள்ளியிலே அரிச்சுவடியும் நிகண்டும் நீதிநூல்களுங் கற்பதே பெரும்பாலார்க்கு வாய்த்த கல்வி. அவற்றிற்கு மேலே கற்க விரும்புவோர் புலவர் ஒருவரை நாடிச் செல்லவேண்டும்.

தாமோதரம்பிள்ளைக்கு வாய்த்த புலவர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயர். இலக்கண இலக்கியங்களில் வல்லவராகிய கவிராயர், கிறித்தவ சமயப் பிரசாரத்தை எதிர்த்துச் செய்யுள் இயற்றிய சைவர். அவரிடம் தமிழ் கற்ற சிறுவனே தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலமுங் கற்றான். ஒரு கதவு மற்றக் கதவை அடைக்கவில்லை. இரு வாசலாலும் நுழைந்து எடுக்கக்கூடியதை எடுத்துக்கொள்ளும் பக்குவம் அவ்விளமையிலேயே அவருக்கு அமைந்துவிட்டது எனலாம்.

வட்டுக்கோட்டைச் செமினரி

அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே ஓர் உயர்கலைக்கூடத்தை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி என வழங்கியது அதுவே. அதன் முதல் அதிபர் தானியேல் பூர் பாதிரியார். அங்கே எல்லாரும் சேர இயலாது. மிஷனார் கிராமங்களில் நடத்திய பாடசாலைகளிலே திறமை மிக்க பிள்ளைகளைப் பார்த்துத் தெரிந்தெடுத்து, விடுதியில் வைத்துப் படிப்பித்தனர். ஆரம்பத்தில் அப்பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் உரிய செலவைக் கடல்கடந்த அமெரிக்க நாட்டு அன்பர்கள் கொடுத்தனர். பிள்ளையொருவனைத் தாங்கும் அன்பரின் பெயரையே அப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. அக்காலத்துத் தமிழறிஞர் சிலருடைய பெயருக்கு முன்னே கறல், ஆனல்ட், நெவின்ஸ் முதலிய பெயர்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே.

கணிதம், வானசாத்திரம், தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் அங்கே ஆழமாகக் கற்பிக்கப்பட்டது. தாமோதரம்பிள்ளை காலத்து அதிபர்களுள் ஒருவராகிய ஹொய்சிங்டன் பாதிரியார் சைவசித்தாந்த நூல்களைக் கற்று, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். உதயதாரகை என்னும் பத்திரிகை 1841-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாய் இருந்தவர்களும் இச்செமினரியின் பழைய மாணவரே. கணிதத்திற் சிறந்த கறல் விசுவநாதபிள்ளையும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டித் தந்த ஆனல்ட் சதாசிவம்பிள்ளையும் அங்கே உருவானவர்களே.

தாமோதரம்பிள்ளை 1844-ஆம் ஆண்டிற் பன்னிரண்டு வயதிலே அங்கே சேர்ந்து, 1852 வரை எட்டாண்டு கற்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பிரித்து விடுதியில் வைப்பது இக்காலத்திலும் இலேசான காரியமன்று. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சமும் அன்று ஊரெங்கும் இருந்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதுமன்று. படித்த பிள்ளைகள் நற்கிறித்தவராகி, போதகராயும் உபாத்தியாயராயும் தம் கிராமங்களுக்குத் திரும்பவேண்டும் என்பதே செமினரியை நடத்தியோரின் நோக்கம். அவர்கள் அதை ஒளிக்கவுமில்லை.

முதற் பட்டதாரி

செமினரியை விட்டு வெளியேறிய தாமோதரம்பிள்ளை கோப்பாயிலிருந்த போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். இருபது வயதைக் கடந்த அளவிலேயே நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். பிற்காலத்து அரும்பணிக்கெல்லாம் அது முதல் வித்து. அதன்பின், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து சென்னைக்குச் சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் வேலைக்கு அவரை அழைத்தார். கடல் கடந்து சென்ற அவர் சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் வாய்ப்பும் பெற்றார்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் செமினரியில் அவருக்கு ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. குருவும் மாணவனும் ஒரே பரீட்சைக்குத் தோற்றி ஒருங்கே பட்டம் பெற்றனர். அப்பெரிய இராசதானியின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக் கிராமப் பிள்ளைகளாயிருந்தமை தற்செயலன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடியெடுத்து, நல்லாசிரியரிடம் ஒப்புவித்து, பசியின்றிப் படிக்கவைத்ததன் விளைவு அது.

ஆனால் அவ்வெற்றிச் செய்தி வந்தபோது செமினரி மூடப்பட்டிருந்தது. 1855-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர் அதனை ஆராய்ந்தனர். இங்கே ஆங்கிலங் கற்ற இளைஞர் கிராமத்துக்குந் திருச்சபைக்கும் பயன்படாமல் அரசாங்க உத்தியோகத்துக்கும் பிறநாட்டுக்கும் போய்விடுகின்றனர் என்பது அவர்கள் கண்ட குறை. எனவே செமினரி மூடப்பட்டது. இன்று எம் அயலவராகிய முதியவர் கொண்ட கவலையே அன்று பொஸ்ரன் நகரத்துக் கனவான்களும் கொண்ட கவலை! கெட்டிக்காரப் பிள்ளைகள் போய்விடுகின்றார்கள். ஆகவே அவர்களுக்குச் செய்த செலவு வீண். இவ்வாறு அவர்கள் கணக்குப் பார்த்தனர்.

அக்கணக்குச் சரியா? தாமோதரம்பிள்ளையும் போனவர்களுள் ஒருவரே. அவர் போதகராகவில்லை, சைவத்துக்கே மீண்டார், சைவ மகத்துவம் என்னும் நூலையும் எழுதினார். சிறுப்பிட்டிக்கு உத்தியோகத்தராய்த் திரும்பவுமில்லை. கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையில் உபாத்தியாயராயிருந்து, பின்னர் சென்னை அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் ஏற்றார். உத்தியோகத்திலிருந்தபடியே சட்டம் பயின்று 1871-ஆம் ஆண்டில் பி. எல். பட்டம் பெற்றார். 1882-இல் இளைப்பாறினார். கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்தார், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தார். 1895-இல் அரசாங்கம் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. இவ்வளவோடு அவர் வரலாறு முடிந்திருந்தால், பொஸ்ரன் கனவான்கள் பார்த்த கணக்குச் சரியென்றே ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாய்ப் படித்தார், நன்றாய்ச் சம்பாதித்தார், நன்றாய் வாழ்ந்தார் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படிப்பட்டோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். அவர்கள் பெயர் இன்று நமக்குத் தெரியாது.

ஏட்டோடு போராடிய வாழ்வு

பகலிலே அரசாங்கக் கணக்கைப் பார்த்த அதே கண்கள் இரவிலே பழைய ஏடுகளைப் பார்த்தன. அதுதான் அவர் வாழ்வை வேறாக்கியது.

தொல்காப்பியம் முதலிய நூல்கள் அக்காலத்தில் பெரும்பாலும் பனையோலையிலேயே கிடந்தன. ஓலை நீண்டநாள் நிற்பதன்று. ஓர் ஏடு சிதையுமுன் மற்றோர் ஏட்டிலே பார்த்தெழுதிக்கொண்டு வந்தாலே நூல் வாழும். அப்படி எழுதுவோர் அருகிவிட்டனர். மடங்களிலும் புலவர் வீடுகளிலும் பரண்களிற் கிடந்த ஏடுகளைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் தின்றுகொண்டிருந்தன. பொருளறியாதோர் சிலர் அவற்றை ஆற்றிலே விட்டனர், அடுப்பிலும் இட்டனர். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் எத்தனை நூல்கள் பெயரளவாய் நின்றிருக்குமோ!

ஏடு கிடைத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஏட்டெழுத்திலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டிலே கொள என்று காணப்பட்டால் அது கொள் என்பதா, கோள் என்பதா, கொள என்பதா என இடம் நோக்கி அறியவேண்டும். செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதும் விளங்காது. பல ஏடுகளை ஒப்புநோக்கி, எழுதினோர் விட்ட பிழைகளை விலக்கி, சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமென்றே காட்டி ஒரு நூலைச் செப்பஞ்செய்தல் வேண்டும். இதற்குப் புலமை மட்டும் போதாது. பொறுமையும், கணக்கனுடைய கண்டிப்பும், நீதிபதியினுடைய நடுநிலையும் வேண்டும். முத்துக்குமார கவிராயர் தந்த இலக்கண அறிவும், செமினரி தந்த ஒழுங்கும், உத்தியோகம் தந்த பழக்கமும் ஓரிடத்திற் கூடியதே தாமோதரம்பிள்ளையின் பதிப்பு என்று எமக்குத் தோன்றுகின்றது.

1868-ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள். நாவலரும் யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்தவர். பின்னர் சைவத்துக்காக அதைவிட்டு வந்தவர். நாவலரவர்கள் 1879-ஆம் ஆண்டிற் சிவபதமடைந்தபின், ஏட்டுப்பணியைத் தாமே தாங்கவேண்டியவரானார் தாமோதரம்பிள்ளை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. இளைப்பாறி அமைதியாய் இருக்க எண்ணும் பருவத்தில் அவருடைய பெரும்பணி தொடங்கிற்று.

1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரை, 1892-இல் சொல்லதிகாரம் நச்சினார்க்கினியர் உரை. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. இந்நூற் பெயர்களை ஊன்றி நோக்குக. வீரசோழியஞ் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். சூளாமணி சமண காவியம். பதிப்பித்தவரோ மிஷனாரிடங் கற்ற சைவர். தமிழ் மக்களுக்குப் பொதுவான செல்வம் எதுவோ அதைச் சமயம் பாராது காத்தார்.

இப்பணியிலே பொருள் வரவில்லை, கைப்பொருள் போயிற்று. ஏடு தேடச் செலவு, படியெடுக்கச் செலவு, கடுதாசிக்குச் செலவு, அச்சுக்கூலி எல்லாம் அவருடைய சம்பாத்தியத்திலிருந்து சென்றன. வாங்குவோர் மிகச் சிலரே. குறைகூறுவோருக்குக் குறைவில்லை. தமக்குக் கிடைத்த சிதைந்த ஏடுகளைக்கொண்டு பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியர் உரையே என்று கொண்டு அச்சிட்டார். அதன் பிற்பகுதியாய் அவர் அச்சிட்ட உரை பேராசிரியருடையது எனப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து காட்டினர். பிழை பிழையே. ஆனால் அச்சிலே வந்தமையாலன்றோ அப்பிழையை ஆராய முடிந்தது! ஏட்டிலே கிடந்து உக்கியிருந்தால் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திராது. பிழைவருமென்று அஞ்சிச் சும்மாயிருப்பவனிலும், இயன்றவரை செய்துவிட்டுத் திருத்துவாருக்கு வழிவிடுபவனே சமூகத்துக்கு உதவுகின்றான்.

பின்னவர்க்கு இட்ட பாலம்

தாம் பெற்ற கல்வியைத் தம்மோடு நிறுத்திவிடாமல், தம் பிறந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வழிசெய்தார். யாழ்ப்பாணத்து ஏழாலையிலே ஒரு சைவப் பாடசாலையைத் தாபித்தார். அங்கே கற்பித்தவர் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர். அக்காலத்திற் புலவர் இளைஞர். அவ்விளைஞருக்குத் தொழிலையும், கற்பிப்பதனாலேயே மேலும் கற்கும் வாய்ப்பையும் அப்பாடசாலை கொடுத்தது. பின்னர் புலவரவர்கள் வண்ணார்பண்ணையில் நாவலர் பாடசாலையிலே பலரை உருவாக்கினார், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அவர் மாணவருள் ஒருவர். பண்டிதமணியிடங் கற்ற ஆசிரியர்கள் ஈழத்தின் பல பாடசாலைகளிலும் தமிழ் கற்பித்தனர். ஒரு திரியிலிருந்து மற்றொரு திரிக்குப் பற்றும் விளக்குப்போல அந்த ஒளி வந்தது. சென்னையில் இருந்துகொண்டே, ஏழாலைப் பிள்ளைகள் இருந்து கற்க ஓர் இடத்தை அவர் உண்டாக்கினார் என்பதை எம் அயலவர் அறிந்தால் ஆறுதலடைவார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென ஆறாம், ஏழாம் வாசகப் புத்தகங்களையும் எழுதினார். தொல்காப்பியக் கடலைக் கடந்தவர், வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்காகவும் பேனா எடுத்தார். பெரும்புலமை சிறுபிள்ளையின் முன்னே குனிய வெட்கப்படுவதில்லை. முதுமையிலே, சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் இளம்புலவரின் திறமையைக் கண்டு மெச்சி, திராவிட சாஸ்திரி என்னும் பெயரை அவருக்கு அளித்துச் சிறப்பித்தார். பரிதிமாற்கலைஞர் எனத் தமிழுலகம் போற்றுபவர் அவரே. இளமையிலே தம்மைத் தெரிந்தெடுத்தவர்கள் தமக்குச் செய்ததை, முதுமையிலே இன்னோர் இளைஞருக்குத் தாம் செய்தார்.

1901-ஆம் ஆண்டு, ஒரு புதிய நூற்றாண்டின் முதல் நாளாகிய ஜனவரி 1-ஆம் திகதி, தமது அறுபத்தெட்டாம் வயதிலே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தெரிந்தெடுக்கப்படாதவர்

இவ்வரலாற்றைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. செமினரியில் ஒரு பிள்ளைக்கு இடங்கிடைத்தபோது, அதே அறிவுடைய எத்தனை பிள்ளைகள் வெளியே நின்றனர்? அது ஆண்பிள்ளைகளுக்கான கலைக்கூடம். 1824-ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டதெனினும், தொல்காப்பியம் பதிப்பிக்கும் அளவுக்குப் பெண்ணொருத்தியைப் படிப்பிக்க அக்காலத்து ஊர் நினைக்கவில்லை. சாதியின் பெயராலும் வறுமையின் பெயராலும் பள்ளிக்கூடப் படலையைக் கடக்க விடப்படாத பிள்ளைகளோ மிகப் பலர். சிறுப்பிட்டியிலும் ஏழாலையிலும் அவர்களுக்குள்ளே ஒரு தாமோதரம்பிள்ளை இருந்திருக்க மாட்டானா? அவனை எவரும் தேடவில்லை. ஆகவே அவன் பெயர் எமக்குத் தெரியாது.

திறமையுள்ள பிள்ளைக்குத் தனியே உதவுவது ஏனையோருக்குச் செய்யும் அநீதி என்று சிலர் கூறுவர். நாம் அதற்கு உடன்படோம். ஆனால் தேடும் கண் எல்லா வளவிற்குள்ளும் போகவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் திறமை தானே வெளித்தெரியும். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையின் திறமையை ஆசிரியர் தேடியே காணவேண்டும். தெரிந்தெடுத்த பிள்ளைக்கும் அவன் திறமையைப் புகழ்ந்து செருக்கை ஊட்டாது, தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படிப்பை இடையில் விட்டவனை நினைக்கப் பழக்கவேண்டும்.

கடன் யாருக்கு?

நாமும் மிஷன் பாடசாலையிற் படித்தவர். காலையில் அங்கே மணியடிக்கப் போய்ச் சேர்ந்து, மாலையிற் கோயில் மணி கேட்டு வீடு திரும்பி வளர்ந்தோம். நம்மவருட் சிலர், அவர்கள் நம் பிள்ளைகளைக் கவரவே பாடசாலை வைத்தார்கள், அவர்களுக்கு நன்றி எதற்கு என்பர். மறுபுறத்திலே சிலர், அவர்கள் சோறுண்டு படித்துவிட்டுச் சைவம் பேசுவது செய்ந்நன்றி கொன்றதாகும் என்பர். தாமோதரம்பிள்ளையின் வாழ்வு இரு பக்கத்தாருக்கும் விடை சொல்கின்றது.

கற்பித்தவர்களின் நோக்கம் எதுவாயினும், கற்பித்த கல்வி உண்மையானது. அதற்கு நன்றி வேண்டும். ஆனால் கல்விக்கடன் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுக்கும் கைமாற்றுக் கடன் போன்றதன்று. அதைப் பின்னால் வருபவனிடமே கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் யாரோ ஓர் அன்பர் கொடுத்த பணம், வட்டுக்கோட்டையிலே ஓர் ஏழைப் பிள்ளையின் சோறாகி, சென்னையிலே ஒரு பட்டமாகி, கலித்தொகையாய் அச்சேறி, ஏழாலையிலே ஒரு பாடசாலையாய் எழுந்தது. கொடுத்தவர் எதிர்பார்த்தது இதுவன்று. ஆயினும் அப்பணம் வீண்போயிற்று என்று யார் சொல்வார்? செமினரியை மூடியவர்கள் சில ஆண்டுக் கணக்கைப் பார்த்தார்கள். பிள்ளைக்கு இட்ட கல்வியின் கணக்கை ஒரு வாழ்நாள் முடிந்தபின்னரே பார்க்கவேண்டும்.

எனினும் அக்கனி தானாய்ப் பழுக்கவில்லை. கல்வி அவருக்கு ஆற்றலைக் கொடுத்தது. அவ்வாற்றலை எங்கே செலவிடுவது என்ற முடிவை ஒவ்வோரிரவும் அவர்தாமே செய்தார். விளக்கை அணைத்துவிட்டு உறங்கியிருந்தால் ஒருவரும் குறைகூறியிரார்.

நாம் செய்யவேண்டியது

1981-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீண்டும் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாய் இருந்தது அழிந்தது. அச்சேறிப் பல ஊர்களிற் பரவியது தப்பியது. தாமோதரம்பிள்ளை எதற்காக அவ்வளவு அவசரப்பட்டார் என்பதை எம் தலைமுறைக்கு இதனிலும் தெளிவாக எவரும் விளக்கவேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டிலே இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒளிவருடிக் காத்துவருகின்றது. அதிலே உழைப்போரிற் பலர் பகலிலே வேறு தொழில் பார்ப்பவரே. தாமோதரம்பிள்ளையின் இரவு விளக்கு இன்னும் அணையவில்லை.

இன்று எம்மோடு கற்றவரிற் பலர் வெளிநாடு செல்கின்றனர். வயிற்றுக்காகவும் பாதுகாப்புக்காகவும் போனவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. போவதா இருப்பதா என்பதைவிட, போனாலும் இருந்தாலும் பின்னால் வரும் பிள்ளைக்கு என்ன செய்கின்றோம் என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஊரிலேயே இருந்து ஒன்றுஞ் செய்யாதவரும் உளர்; கடலுக்கப்பால் இருந்து பாடசாலை கட்டியவரும் உளர்.

மன்றத்து இளைஞர்காள்! நம்மிடம் தாமோதரம்பிள்ளையின் புலமை இல்லை. அவருடைய சம்பாத்தியமும் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு மாலை இருக்கின்றது. கணிதத்திலே தடுமாறும் பிள்ளைக்கும், வகுப்பிலே முதலாயிருந்தும் விளக்கில்லாத வீட்டிற் படிக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு மாலையைக் கொடுக்கலாம். பெரியோர்களே! உங்கள் ஒழுங்கையிலே எந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, எந்தப் பிள்ளை புத்தகமில்லாமல் நிற்கின்றது என்பது எம்மிலும் உங்களுக்கே தெரியும். அப்பிள்ளையைக் காட்டித் தாருங்கள்.

ஆசி கூறிக் கவலைப்பட்ட அம்முதியவரிடம் அன்று நாம் ஒன்றும் சொல்லாது வந்துவிட்டோம். அவருக்குச் சொல்லவேண்டிய மறுமொழியை இக்கட்டுரையில் எழுதிவிட்டோம் என்று நினைக்கவில்லை. அதை வாழ்ந்தே சொல்லவேண்டும். சிறுப்பிட்டிப் பிள்ளை அப்படித்தான் சொன்னார்.